இருபதாம் தேதிக்கு மேல்

அவள் கைகள் அந்தரத்தில் நின்றது மாதத்தின் இருபத்தோராம் தேதி, காலை பதினொன்றே காலுக்கு. அவளைக் கேட்டால் நிற்கவே இல்லை என்பாள். அவள் பாட்டுக்குச் சைகையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்: இந்த ஊசி போட்டு உங்களுக்கு எப்போதாவது உடம்பு தடித்ததுண்டா, தொண்டை வீங்கியதுண்டா என்று. மருத்துவமனையில், காது கேளாத ஒரு பெண்ணின் எதிரில் இருந்த திரையில் மட்டும், 'இந்த ஊசி' என்ற இடத்திலேயே அவள் கைகள் அசையாமல் நின்றுவிட்டன. பாதிக் கேள்வியைப் பார்த்த அந்தப் பெண் சரி சரி என்று தலையாட்டினாள். டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார். பக்கத்தில் இருந்த நர்ஸ் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியதால் தப்பித்தது. அந்த மருந்து அந்தப் பெண்ணுக்கு ஆகவே ஆகாது.

இணைப்பு திரும்ப வந்து விஷயம் தெரிந்தபோது அவளுக்கு முதலில் பயம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பயம் போய்க் கோபம் வந்தது. வந்த கோபம் லேசில் போகிற கோபமாக இல்லை.

அவளுக்குத் தொழிலே கைதான். காது கேளாதவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் சைகை மொழிபெயர்ப்பு. வீட்டில் உட்கார்ந்து கேமரா முன்னால் செய்கிற வேலை. டாக்டர் பேசினால் இவள் கை பேச வேண்டும். நோயாளியின் கை பேசினால் இவள் வாய் பேச வேண்டும். அதிலும் 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு வலிக்குது டாக்டர்' என்று, அந்த ஆளாகவே பேச வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, கேட்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது. பதினொரு வருடமாக அப்படித்தான் செய்துவந்தாள்.

அன்று மாலையே நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. படம் உறைந்து நின்றது இது இரண்டாவது தடவை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேற்பார்வையாளரே திரையில் வந்து சோதிப்பார், அதிலும் நின்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று நாலே வரி. அவள் அதைச் சமையலறையில் நின்றபடி இரண்டு தடவை படித்தாள்.

"கம்பெனிக்காரன் ஏமாத்தறான். விடு, வேற கனெக்‌ஷன் பாத்துக்கலாம்" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"விடுன்னா என்னங்க அர்த்தம்? போகப்போறது என் வேலை. உங்க வேலையா இருந்தா விடுவீங்களா?"

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான், கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதி. அலுவலகத்தில் ஏதோ தொல்லை போலிருக்கிறது என்று அவளும் விட்டிருந்தாள்.

இத்தனைக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய இணைப்பு இல்லை அது. நாலு மாதத்துக்கு முன்னால் விற்பனைக்காரர் வழவழவென்று ஒரு தாளை நீட்டி, "முந்நூறு ஸ்பீடு மேடம், அன்லிமிடெட், சினிமா ஃப்ரீ" என்று அளந்தபோது, வீட்டில் எல்லாரும் சினிமாப் பட்டியலைப் பார்த்தார்கள். இவள் ஒருத்திதான் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"உள்ள வர்றது முந்நூறு சரி. வெளிய போறது எவ்வளவு?"

விற்பனைக்காரர் திருதிருவென்று விழித்தார். பத்து வருட அனுபவத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, "ஐம்பது மேடம்" என்றார்.

"கீழ எறும்பு எழுத்துல ஏதோ போட்டிருக்கே?"

"அதெல்லாம் சும்மா மேடம். மாசம் ஆயிரம் ஜிபி தாண்டினா ஸ்பீடு ரெண்டா குறையும். போறது வர்றது ரெண்டும் சேத்துத்தான் கணக்கு. ஆனா வீட்ல யாரும் அவ்வளவு தாண்டவே மாட்டாங்க. தலைகீழா நின்னாலும் முடியாது."

"அப்புறம் எதுக்குங்க அன்லிமிடெட்னு போட்டிருக்கீங்க?"

"நிக்காதுல்ல மேடம். ஸ்பீடுதான் குறையும். நெட் நிக்காது."

காதில் பூ சுற்றுகிற வேலைதான். ஆனாலும் அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். தன் வேலை, மகளின் பாடம், கணவரின் கிரிக்கெட், மாமியாரின் பழைய படங்கள் எல்லாம் போட்டுக் கலக்கினாலும் முந்நூறு ஜிபியைத் தாண்டவில்லை. சரியென்று கையெழுத்துப் போட்டாள். முதல் மாதமே இருபதாம் தேதி வேகம் படுத்தது. இரண்டாம் மாதமும் அதே இருபதாம் தேதி. ஆயிரம் முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வரும். எங்கே போனது ஆயிரம்?

அந்தக் கேள்வியோடு அவள் யார் யாரிடமோ மல்லுக்கு நின்றாள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "நெட் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்பார்கள். "உங்க கணக்கை முதல்ல அணைச்சுப் போடுங்க" என்று கத்தினாள். மகளின் டேப்லெட்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்; அந்தப் பெண் இரண்டு நாள் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட்டு, அவர் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் கடவுச்சொல்லையே மாற்றினாள். மாற்றிய அன்று சாயங்காலம் கணவர் புதுச் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் அம்மாவின் அறையில் அரை மணி நேரம் ஏதோ செய்துகொண்டிருந்தார். அதுகூட அவளுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

மாமியாருக்குப் போன வருடம் இடுப்பு முறிந்தது. நடை போனது, வாய் போகவில்லை. வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்துகிற ஒரே அறை அவருடையது என்பதால், காலை ஒன்பதுக்கு அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சக்கர நாற்காலியில் கூடத்துக்குத் தள்ளி வந்து டிவி முன்னால் விட்டுவிட்டு, ஒரு மணிவரை அவள் அந்த அறையில் வேலை பார்ப்பாள். பிறகு அறை மறுபடி மாமியாருடையது.

திங்கட்கிழமை நெட்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். கணவர் பல் வலி என்று விடுப்பில் வீட்டிலிருந்தார். நெட்காரர் கூடத்துச் சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், தன் போனில் எதையோ திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"மேடம், நீங்க ஏதாவது டிவி சேனல் நடத்தறீங்களா?"

"என்ன கிண்டலா?"

"கிண்டல் இல்ல மேடம். எல்லார் வீட்லயும் உள்ள வர்றதுதான் ஜாஸ்தி. உங்க வீட்ல வெளிய போறது நாலு மடங்கு. ஒரு நாளைக்கு நாப்பது ஜிபிகிட்ட வெளிய போகுது. அதுவும் ராப்பகலா, ஒரு நிமிஷம் விடாம."

"நான் நாலு மணி நேரம்தான் வேலை பாக்கறேன்."

"உங்க லேப்டாப் இல்ல மேடம். அது தனியாத் தெரியுது, பாவம், கொஞ்சமாத்தான் சாப்பிடுது." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். லேப்டாப், நாலு போன், டிவி, பூட்டிய பீரோவுக்குள்ளிருந்த டேப்லெட். "எட்டாவதா ஒண்ணு இருக்கு. பேரு இல்ல, வெறும் நம்பர்தான். இதுதான் எல்லாத்தையும் முழுங்குது. என்னது மேடம் இது?"

"அப்படி எதுவும் எங்க வீட்ல இல்லையே."

"பக்கத்து வீடா இருக்கும்" என்றார் கணவர், கன்னத்தைப் பிடித்தபடி.

"சொல்றேன் சார். இத இப்பத் தடுத்துடறேன். யாரோடதோ, அவங்களே கத்துவாங்க." நெட்காரர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. மாமியார் டிவியில் யாரோ அழுதார்கள். அப்புறம் மேசை மேலிருந்த கணவரின் போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. அவர் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்க" என்றாள் அவள்.

"அப்புறம் பேசிக்கிறேன்."

"எடுங்கன்னு சொல்றேன்ல."

எடுத்தார். நாத்தனாருக்கு எப்போதுமே தொண்டை பெரிசு. வேறு நாட்டிலிருந்து பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "டேய், அங்க கரண்ட் இல்லையா? படம் கட்டாயிடுச்சுடா, அம்மா ரூம் தெரியல" என்றது அந்தக் குரல்.

கணவரின் கண் அவரை அறியாமல் அம்மாவின் அறைப் பக்கம் போனது. அவள் அந்தக் கண் போன வழியே போனாள். கட்டிலுக்கு எதிரே அலமாரி மேல், நாத்தனார் அனுப்பிய மின்கடிகாரம். அம்மா மாத்திரை சாப்பிட நேரம் பெரிதாகத் தெரியட்டும் என்று நாலு மாதத்துக்கு முன்னால் வந்தது. அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். எண்களுக்கு நடுவே மிளகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி, கண்ணாடி போட்ட புள்ளி.

தினமும் காலையில் அவள் உட்காருகிற நாற்காலி அந்தப் புள்ளிக்கு நேர் எதிரே இருந்தது.

கடிகாரத்தை வயரோடு பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, கணவரின் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"அண்ணி, இது என்ன வேலை?"

வெட்கமே இல்லாமல் வந்தது பதில். "எங்கம்மாவ நான் பாக்கக் கூடாதா?"

"தாராளமாப் பாருங்க. வீடியோ கால் போடுங்க. என்னிக்காவது எடுக்காம இருந்திருக்கேனா? இப்படிக் கள்ளத்தனமா எதுக்கு?"

"நீ எப்படிப் பாத்துக்கிறேன்னு தெரிய வேண்டாமா? அம்மாவ வெளிய தள்ளிட்டுக் கதவச் சாத்திட்டு, கைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கே."

"அது என் வேலை!"

"வேலையோ என்னமோ. நான் எதையும் பாக்கலன்னு நினைக்காதே. உன் வாயாலயே கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒருதடவை கலைஞ்சிருக்கு, வீட்டுக்காரருக்குத் தெரியாதுன்னு டாக்டர்கிட்ட சொன்னியே? என் தம்பி பாவம், அவன் தலையில..."

அவள் காதில் மேற்கொண்டு எதுவும் விழவில்லை. நெட்காரர் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், கையில் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதிர்ச்சி இல்லை. புதிதாக ஒன்றைக் கேட்ட முகம் இல்லை அது. முன்பே கேட்டு, நாள்கணக்கில் மென்றுகொண்டிருந்த முகம்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

அவர் கன்னத்தைத் தடவினார்.

"எப்பன்னு கேட்டேன்."

"ரெண்டு மாசமா" என்றார்.

இரண்டு மாதம்! பாதிப் பதிலும், பேப்பருக்குப் பின்னால் ஒளிந்த முகமும் அலுவலகத் தொல்லை என்று நினைத்து, சூடாகக் காப்பி போட்டுக் கொடுத்தாளே!

"அது என் பேச்சு இல்ல."

"பின்ன யாரு பேச்சு?"

"சொல்ல முடியாது."

"அதெப்படிச் சொல்ல முடியாம..."

"சொல்ல முடியாதுன்னா முடியாதுதான்! உங்க முன்னால நான் நல்லவளா ஆகறதுக்கு, இன்னொருத்தி வயித்துல இருக்கற ரகசியத்த எடுத்துப் போடச் சொல்றீங்களா? பதினஞ்சு வருஷம் கூட இருந்திருக்கீங்க. நான் எப்படிப் பேசற வேலை பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியாது? போன வருஷம் எனக்குச் சர்க்கரை இருக்குன்னேன். அதுக்கு முந்தின மாசம் எனக்கு எழுபது வயசுன்னேன். அதையெல்லாம் நம்பலையே? இத மட்டும் எப்படிங்க நம்பினீங்க?"

அவர் நெட்காரரைப் பார்த்தார், ஆள் இருக்கிறாரே என்பது போல. "இருக்கட்டும். அவரும் கேக்கட்டும்" என்றாள்.

அப்போதுதான் சக்கர நாற்காலி டிவியிலிருந்து திரும்பியது. "டேய்" என்றார் மாமியார். "அந்தக் கடிகாரத்துல எல்லாம் தெரியுமா?"

"அம்மா, அக்காதான் உங்க நல்லதுக்கு..."

"நல்லதுக்கா? இவ எனக்குத் துணி மாத்தறது, துடைச்சு விடறது, நான் அங்க கட்டில்ல அசிங்கமாக் கெடந்தது, எல்லாத்தையும் அவ பாத்தாளா? நீயும் பாத்தியா? பெத்தவளோட மானத்த விட உங்களுக்கு வேவு பாக்கறது பெருசாப் போச்சா? அந்தப் போன இங்க குடு." போன் அவர் கைக்குப் போனது. அடுத்த ஐந்து நிமிடம் மகளை அவர் வாங்கிய வாங்கை இங்கே எழுத முடியாது. கடைசியில் போனை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். மருமகளைத் தவிர யாரையும் பக்கத்தில் வரவிடவில்லை.

வாசலில் நெட்காரர் செருப்பை மாட்டியபடி மெதுவாகச் சொன்னார். "எங்க பொறுப்பு அந்தப் பெட்டியோட முடிஞ்சிடுது மேடம். அதுக்கு இந்தப் பக்கம் நடக்கறது எங்க கைல இல்ல. ஒண்ணாந்தேதி வரைக்கும் ரெண்டு ஸ்பீடுதான் வரும். ஆனா மத்த எல்லாத்தையும் அணைச்சு வச்சா, ஒரு வீடியோ காலுக்கு அந்த ரெண்டே போதும். இத்தன நாளா அந்த ரெண்டையும் அந்தக் கடிகாரம்தான் தின்னுட்டு இருந்திருக்கு."

அன்று மத்தியானம் அவள் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நாத்தனார் கேட்டது ஒரு வாக்கியம்தான் என்று யார் கண்டது? நாலு மாதம், தினம் நாலைந்து பேர். கட்டி வந்தவர்கள், தூக்கம் போனவர்கள், வீட்டில் அடி வாங்கியதை முதல்முதலாகச் சொன்னவர்கள். ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் நிறுவனம் ஒரு கேள்வி கேட்கும்: அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா? யாரும் இல்லை என்று நூற்றுக்கணக்கான தடவை சொல்லியிருக்கிறாள். அவள் அறியாமல் சொன்ன பொய்தான். ஆனாலும் சொன்ன வாய் அவளுடையது.

"யாருக்கும் தெரியாது. கடிகாரத்தத் தூக்கிப் போட்டாச்சு, நெட்டும் சரியாயிடுச்சு. வெள்ளிக்கிழமை டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டு வேலையப் பாரு" என்றார் கணவர் வியாழக்கிழமை. சமாதானத்துக்கு வருகிற குரல்.

அந்தக் குரல்தான் அவளைத் தீர்மானத்துக்குக் கொண்டுவந்தது. "நாளைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லுங்க. பத்து மணிக்கு நீங்க இங்க இருக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை டிவியை அணைத்தாள், போன்களை அணைத்தாள், பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த டேப்லெட்டை மகளே அணைத்தாள். பத்து மணிக்குத் திரையில் மேற்பார்வையாளர் வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள், பிறவியிலேயே காது கேளாதவர். படம் துல்லியமாக இருந்தது. பத்து நிமிடம் வேகமாகக் கையசைத்துச் சோதித்தார். ஒரு விரல்கூட உறையவில்லை. நல்லது, என்றார். பிறகு வழக்கமான கேள்வி: அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?

"இருக்கிறார். என் கணவர். அவர் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றது அவள் கை.

மேற்பார்வையாளரின் புருவம் நெறிந்தது. வேறு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே செய்கிறேன், எல்லாம் பதிவாகிறது, ஒரு சொல் மாறினால் அதற்கும் சேர்த்து என்னை நீக்குங்கள் என்றாள்.

கதவோரம் நின்ற கணவரைப் பார்த்து நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க. நீங்க செஞ்சத நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றது அப்படியே அவங்களுக்குப் போகும்."

"நான் எதுக்கு? நீயே..."

"நான் பேசறதுதான் உங்களுக்கு நம்பிக்கை இல்லையே. உக்காருங்க."

உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "இந்த ரூம்ல ஒரு கேமரா இருந்தது. நாலு மாசமா. நான்தான் வச்சேன்."

அவள் கை சொன்னது: இந்த அறையில் ஒரு கேமரா இருந்தது. நாலு மாதமாக. நான்தான் வைத்தேன். 'நான்' என்றபோது விதிப்படி அவள் விரல் அவள் நெஞ்சைத்தான் தொட்டது.

"எங்கம்மாவப் பாத்துக்கத்தான்... அக்கா கேட்டா... தப்பா ஒண்ணும் இல்ல." சாக்கையும் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் இழுத்த இடத்தில் கையும் இழுத்தது.

அந்த அம்மாளின் கைகள் கேட்டன. அவள் வாய் அதைச் சமமான குரலில் சொன்னது: "உங்க மனைவிக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நோயாளிங்க பேசினத யாராவது கேட்டாங்களா?"

"அக்கா கேட்டிருக்கா. எங்கிட்ட ஒண்ணு சொன்னா." அவர் குனிந்துகொண்டார். "அத இவளோட சொந்தப் பேச்சுன்னு நினைச்சுட்டேன். இவ மேல சந்தேகப்பட்டேன்."

இரண்டு மாதமாக அவர் அவளிடம் வாயால் சொல்லாததை, அவள் தன் இரண்டு கையாலும் தெளிவாகச் சொன்னாள். என் மனைவியின் மேல் சந்தேகப்பட்டேன். கண் கலங்கியது, கை தடுமாறவில்லை.

மேற்பார்வையாளர் நிதானமாகக் கையசைக்கத் தொடங்கினார். அவள் கணவருக்குச் சொன்னாள்: "இந்த நாலு மாசத்துல பேசின ஒவ்வொருத்தருக்கும் நடந்ததத் தெரிவிக்கப் போறேன். விசாரணை முடியற வரைக்கும், இன்னியிலேர்ந்து உங்க மனைவிய வேலையிலேர்ந்து நிறுத்தி வைக்கிறேன். தப்பு அவங்களோடது இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த நோயாளிங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

தன் வேலை நின்ற செய்தியைத் தன் வாயாலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தாள்.

கணவர் நிமிர்ந்தார். "ஸாரின்னு சொல்லு" என்றார்.

அவள் கை எழவில்லை. முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். "யாருக்குங்க? அவங்களுக்குன்னா இப்பவே சொல்றேன். எனக்குன்னா, என்னப் பாத்து நீங்கதான் சொல்லணும். அதுக்கு நடுவுல ஆள் கெடையாது."

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாய் திறந்து அப்படியே நின்றது.

அவர் என்ன சொல்கிறார் என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

அவள் திரும்பி, கையைத் தூக்கிப் பதில் சொன்னாள்: இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.